மலைப்பாதையில் எத்தனை மணித்தியாலம்?

கணக்குப் புத்தகத்தில் ஓடும் பஸ் எங்கும் நிற்பதில்லை. ‘மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் பஸ் 120 கிலோமீற்றரைக் கடக்க எடுக்கும் நேரம் யாது?’ என்று வினா வரும். பிள்ளை 120ஐ 40ஆல் வகுத்து 3 மணித்தியாலம் என்று எழுதி முழுப் புள்ளியும் வாங்கிவிடும். அதே பிள்ளை கண்டியில் பஸ் ஏறி, நுவரெலியா 77 கிலோமீற்றர்தானே, இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டால், அந்த நேரத்துக்கு பஸ் இறம்பொடை வளைவுகளில் முனகிக்கொண்டிருக்கும். வகுத்தல் சரி, சூத்திரமும் சரி. அந்த 40ஐ எங்கிருந்து எடுத்தோம் என்பதில்தான் கோளாறு.

முதலில் சூத்திரத்தைப் பார்த்துவிடுவோம். அதில் கடினம் எதுவும் இல்லை.

வேகம் என்பது ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கிலோமீற்றர் கடக்கிறோம் என்பது. மணிக்கு 25 கிலோமீற்றர் போகிறவர் 50 கிலோமீற்றர் போக இரண்டு மணித்தியாலம் வேண்டும். 50க்குள் 25 எத்தனை தடவை அடங்குகிறது என்று பார்த்தோம், அவ்வளவுதான். எனவே:

நேரம் = தூரம் ÷ வேகம்

இதையே திருப்பிப் போட்டால் தூரம் = வேகம் × நேரம். இன்னொரு தடவை திருப்பினால் வேகம் = தூரம் ÷ நேரம். மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும்.

அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு 45 கிலோமீற்றர் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். பஸ் நின்று நின்று, சராசரியாக மணிக்கு 25 கிலோமீற்றர் போகிறது. 45 ÷ 25 = 1.8. விடை 1.8 மணித்தியாலம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1.8 என்பதை 1 மணித்தியாலம் 8 நிமிடம் என்று வாசிப்பவர்கள் உண்டு. 1 மணித்தியாலம் 80 நிமிடம் என்று வாசிப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. தசமம் பத்தில் ஓடுகிறது, மணிக்கூடு அறுபதில் ஓடுகிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் 60ஆல் பெருக்க வேண்டும்: 0.8 × 60 = 48. ஆகவே 1 மணித்தியாலம் 48 நிமிடம். 2.25 என்று வந்தால் 2 மணித்தியாலம் 15 நிமிடம், 2.5 என்றால் இரண்டரை மணித்தியாலம்.

தசமமே வேண்டாம் என்பவர்களுக்கு மலைநாட்டுக்குப் பொருத்தமான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்று வைத்துக்கொள்வது. 60ஐ வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். மணிக்கு 15 கிலோமீற்றர் என்றால் கிலோமீற்றருக்கு 4 நிமிடம். 20 என்றால் 3 நிமிடம். 30 என்றால் 2 நிமிடம். 40 என்றால் ஒன்றரை நிமிடம். மலைப்பாதையில் நமக்கு வேண்டிய வேகங்கள் பெரும்பாலும் இவைதாம். ‘இன்னும் 14 கிலோமீற்றர்’ என்று பெயர்ப்பலகை சொல்கிறது, பாதை குண்டும் குழியுமாக ஏறுகிறது என்றால், 14 × 3 = 42 நிமிடம் என்று மனதுக்குள்ளேயே சொல்லிவிடலாம். தோட்டத்துப் பெரியவர்கள் இன்னும் கட்டைக் கணக்கில்தான் தூரம் சொல்வார்கள். ஒரு கட்டை, அதாவது ஒரு மைல், ஏறக்குறைய 1.6 கிலோமீற்றர். மூன்று கட்டை என்றால் 4.8. ஏற்ற இறக்கம் கலந்த தோட்டப் பாதையில் மணிக்கு 4 கிலோமீற்றர் நடக்கிறவருக்குக் கிலோமீற்றருக்கு 15 நிமிடம் வீதம் 72 நிமிடம் ஆகும்.

எந்த வேகத்தால் வகுப்பது?

இனி அந்த 40க்கு வருவோம். வாகனத்தின் வேகமானியில் முள் காட்டுவது அந்தக் கணத்தின் வேகம். நமக்குத் தேவைப்படுவது புறப்பட்ட இடத்திலிருந்து இறங்கும் இடம் வரைக்குமான சராசரி. பாடநூலில் இதைச் சராசரிக் கதி என்று படித்திருப்பீர்கள்: மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்து வருவது. மொத்த நேரம் என்றால் நின்ற நேரமும் சேர்ந்ததுதான். பஸ் நின்றாலும் மணிக்கூடு நிற்காதே.

மேலே சொன்ன அட்டன்–நுவரெலியா பஸ்ஸையே பிரித்துப் பார்க்கலாம். சக்கரம் சுழலும்போது அது மணிக்கு 30 போகிறது என்று கொள்வோம். 45 கிலோமீற்றருக்கு 90 நிமிடம். வழியில் சந்திகளிலும் தோட்ட வாசல்களிலும் 18 இடங்களில் நிறுத்துகிறது. ஒரு தரிப்புக்கு ஒரு நிமிடம். மரக்கறி மூடையை ஏற்றுவதும், மிச்சக் காசு தேடுவதும், ஓடிவரும் பள்ளிப் பிள்ளைக்காகக் காத்திருப்பதும் எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். 90உடன் 18 சேர்ந்தால் 108 நிமிடம். 45 கிலோமீற்றருக்கு 108 நிமிடம் என்றால் சராசரி மணிக்கு 25. முன்பு 25 என்று நாம் எடுத்துக்கொண்டது இப்படித்தான் வந்தது. ஓடும் வேகத்தில் ஐந்து கிலோமீற்றரைத் தரிப்புகள் தின்றுவிட்டன.

ரயிலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை பாதை சுமார் 290 கிலோமீற்றர். வழக்கமான அட்டவணைப்படி பகல் ரயில் சுமார் 10 மணித்தியாலம் எடுக்கும். 290 ÷ 10 = 29. மணிக்கு 29 கிலோமீற்றர்! தாழ்நிலத்தில் இதே ரயில் இதைவிட நன்றாகவே ஓடுகிறது. மலை ஏறத் தொடங்கியதும் அடங்கிவிடுகிறது. மலைநாட்டு ரயில் பாதையின் சரிவு சில இடங்களில் 44 அடிக்கு ஓர் அடி உயரும் அளவுக்கு இருக்கிறது. வளைவுகளோ மிகக் கூர்மையானவை. சன்னலோரத்தில் இருப்பவர் தலையை நீட்டினால் முன்பெட்டிகளையும் பின்பெட்டிகளையும் ஒரே பார்வையில் காண முடியும். இதற்கு மேல், அது ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயில் வந்து சேரும்வரை நிலையத்தில் காத்திருக்க வேண்டும். அடுத்த நிலையம் வரை பாதை உனக்குத்தான் என்பதற்கு அடையாளமான வளையத்தை நிலைய அதிபர் சாரதியிடம் நீட்டிய பிறகுதான் ரயில் அசையும். அட்டவணையில் உள்ள பத்து மணித்தியாலத்துக்குள் இவை எல்லாம் இருக்கின்றன. ஆதலால் அட்டவணை கையில் இருப்பவர் வேகத்தை ஊகிக்கவே வேண்டாம். அட்டவணையே சராசரியைச் சொல்லிவிடுகிறது.

தூரத்திலும் ஒரு பொறி உண்டு. வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே 40 கிலோமீற்றர் வராது. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாகப் பாதையில் போனால் அதுவே ஏறத்தாழ இரண்டு மடங்கு. கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா ஏறக்குறைய 1,900 மீற்றரில். அந்த 1,400 மீற்றரையும் வாகனம் ஏறக்கூடிய சரிவில் விரித்துப் போட்டதால்தான் பாதை இப்படி நீண்டது. நானுஓயாவிலிருந்து பதுளைக்கு நேர்கோட்டில் 35 கிலோமீற்றர் அளவுதான். தண்டவாளத்தில் சுமார் 85. தெமோதரையில் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போய், மலையைச் சுற்றி இறங்கி, சற்று முன் நின்ற அதே நிலையத்துக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. வரைபடத்தில் இம்மியும் நகராத இடத்தில் நிமிடங்கள் கழிகின்றன. எனவே தூரம் என்று எழுதும் இடத்தில் எப்போதும் பாதையின் தூரத்தையே போட வேண்டும். கைத்தொலைபேசி வரைபடம் அதைத் தந்துவிடும். அது கூடவே தரும் நேரத்தைப் பஸ் பயணத்துக்கு அப்படியே நம்புவது வேறு விடயம். தோட்ட வாசல் தரிப்புகளை அது எண்ணுவதில்லை.

பயணிக்கும்போதே வேகத்தைக் கண்டுபிடிக்க விரும்பினால் வீதியோரக் கிலோமீற்றர் கற்களைப் பாருங்கள். ஒரு கல்லைக் கடக்கும்போது மணிக்கூட்டைப் பார்த்து, அடுத்த கல்லில் மீண்டும் பாருங்கள். இடையில் 150 விநாடி ஆனது என்று வைத்துக்கொண்டால், 3,600ஐ 150ஆல் வகுக்க 24 வரும். வாகனம் மணிக்கு 24 கிலோமீற்றரில் போகிறது. 3,600 ஏன் என்றால் ஒரு மணித்தியாலத்தில் அத்தனை விநாடி. ஒரே ஒரு கிலோமீற்றரை அளந்து முடிவு செய்ய வேண்டாம். ஏற்றத்தில் இரண்டு, மட்டமான இடத்தில் இரண்டு என்று அளந்தால் அந்தப் பாதையின் குணம் பிடிபட்டுவிடும். பேருந்தில் அலுத்துப் போகும் பிள்ளைகளைச் சற்று நேரம் அமைதியாக வைத்திருக்கவும் இது உதவும்.

ஏற்றமும் இறக்கமும்

இப்போது படித்தவர்களும் ஏமாறும் இடம். நகரத்திலிருந்து தோட்டத்துக்கு 12 கிலோமீற்றர். லொறி ஏறும்போது மணிக்கு 15, இறங்கும்போது 30. போய்வந்த சராசரி வேகம் என்ன? பதினைந்தையும் முப்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து 22.5 என்று சொல்லத்தான் வாய் வரும். கணக்குப் பார்ப்போம். ஏற்றத்தில் கிலோமீற்றருக்கு 4 நிமிடம், ஆக 48 நிமிடம். இறக்கத்தில் 2 நிமிடம், ஆக 24 நிமிடம். மொத்தம் 24 கிலோமீற்றர், 72 நிமிடம். சராசரி மணிக்கு 20தான்.

ஏன் குறைந்தது? லொறி மெதுவாகப் போன நேரம் வேகமாகப் போன நேரத்தைப் போல இரண்டு மடங்கு. தூரம் சமமாக இருக்கலாம், நேரம் சமமாக இல்லை. சராசரி, அதிக நேரம் ஓடிய வேகத்தின் பக்கமே சாயும். அதனால் பாதை பலவிதமாக இருந்தால் வேகங்களைக் கூட்டி வகுக்கவே கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக நேரம் கண்டு, நேரங்களைக் கூட்ட வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் அட்டன் பகுதியிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரைக் கட்டுநாயக்கவில் கொண்டுபோய் விடும் வான். வழியை நான்காகப் பிரிக்கலாம். அட்டனிலிருந்து கினிகத்தேனை வழியே கித்துல்கலை வரை இறக்கமும் வளைவும்: 35 கிலோமீற்றர், மணிக்கு 25, ஆக 84 நிமிடம். கித்துல்கலையிலிருந்து அவிசாவளை வரை பாதை சற்று நிமிர்கிறது: 35 கிலோமீற்றர், மணிக்கு 35, ஆக 60 நிமிடம். அவிசாவளையிலிருந்து கொழும்புப் பக்கம் நெரிசல்: 60 கிலோமீற்றர், மணிக்கு 30, ஆக 120 நிமிடம். கடைசியாகக் கட்டுநாயக்க அதிவேக வீதி: 26 கிலோமீற்றர், மணிக்கு 80, ஆக 20 நிமிடம். தூரங்களை நான் முழு எண்ணாக்கியிருக்கிறேன். வேகங்கள் என் மதிப்பு, உங்கள் வானுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கூட்டினால் 284 நிமிடம், அதாவது 4 மணித்தியாலம் 44 நிமிடம்.

நான்கு வேகங்களையும் கூட்டி நான்கால் வகுத்திருந்தால் 42.5 வந்திருக்கும். மொத்தம் 156 கிலோமீற்றர். 156 ÷ 42.5 செய்தால் 3 மணித்தியாலம் 40 நிமிடம். ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் குறைச்சல். அதிவேக வீதியின் அந்தக் கவர்ச்சியான 80, பயணத்தில் வெறும் 20 நிமிடத்துக்குச் சொந்தக்காரன். அதற்குக் கணக்கில் கால்வாசிப் பங்கைக் கொடுத்ததால் வந்த வினை இது. விமானத்தைத் தவறவிட இது போதும்.

புறப்படும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுவதே நல்லது. விமானம் இரவு 10 மணிக்கு, மூன்று மணித்தியாலம் முன்னதாக வரச் சொல்கிறார்கள் என்றால் 7 மணிக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். ஓட்டம் 4 மணித்தியாலம் 44 நிமிடம், சோற்றுக்கும் தேநீருக்கும் அரை மணித்தியாலம். மொத்தம் 5 மணித்தியாலம் 14 நிமிடம். 7 மணியிலிருந்து கழித்தால் பிற்பகல் 1.46. இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் ஒரு மண்சரிவு விழுந்தால் எந்தச் சூத்திரமும் உதவாது. அதற்குக் கையிருப்பு நேரம்தான் மருந்து. நானாக இருந்தால் நண்பகலுக்கே வண்டியை எடுக்கச் சொல்வேன்.

பிந்திவிட்டோம், விரட்டிப் பிடிப்போம் என்று சில சாரதிகள் நினைப்பதுண்டு. 40 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்தில் முடிக்க வேண்டிய பயணத்தில் முதல் 20 கிலோமீற்றரை மணிக்கு 20 வேகத்தில் போய்விட்டால், அந்த ஒரு மணித்தியாலமும் அங்கேயே தீர்ந்துவிட்டது. மீதி 20 கிலோமீற்றரை ஒரு கணத்தில் கடந்தால்தான் உண்டு. வேகத்தைக் கூட்டி மிச்சம் பிடிக்கும் நேரமும் எல்லா இடத்திலும் ஒரே அளவல்ல. 45 கிலோமீற்றரில் 25ஐ 30 ஆக்கினால் 18 நிமிடம் மிஞ்சும். அதே ஐந்தைக் கூட்டி 50ஐ 55 ஆக்கினால் ஏறக்குறைய 5 நிமிடம்தான். தரிப்பில் வீணாகும் நிமிடங்களைக் குறைப்பது, நேர்ப்பாதையில் மிதிப்பதைவிட ஆதாயம்.

மூடுபனியில் ஏன் வாகனங்கள் ஊர்கின்றன என்பதற்கும் இதே சூத்திரத்தில் விடை இருக்கிறது. தூரத்தை மீற்றரிலும் நேரத்தை விநாடியிலும் வைத்தால் போதும். மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு 10 மீற்றர், ஆகவே 3.6ஆல் வகுத்தால் விநாடிக் கணக்கு வந்துவிடும். நானுஓயாப் பக்கம் பனி இறங்கி, முன்னால் 20 மீற்றர்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 என்றால் விநாடிக்கு 11 மீற்றருக்குச் சற்று மேல். பார்வைக்கு எட்டிய கடைசிப் புள்ளியை அடைய 1.8 விநாடி. அங்கே ஒரு மாடு நின்றால் கண்டு, யோசித்து, பிறேக் மிதிக்க அவ்வளவுதான் அவகாசம். 25ஆகக் குறைத்தால் கிட்டத்தட்ட 3 விநாடி கிடைக்கும்.

கால்நடைக்கு வேறு கணக்கு

மலை ஏறி நடப்பவருக்குத் தூரத்தை மட்டும் வகுத்தால் போதாது. உயரமும் நேரம் கேட்கும். இதற்கு ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெயிஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மெற்றிக் அளவில் அதைச் சொன்னால்: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம்.

சிவனொளிபாதமலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். சிகரத்தின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கத்துப் பாதை சுமார் 7 கிலோமீற்றர், ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீற்றர். தூரத்துக்கு 7 ÷ 5 = 1.4, அதாவது 84 நிமிடம். உயரத்துக்கு 1,000 ÷ 600, அதாவது 100 நிமிடம். கூட்டினால் 3 மணித்தியாலம் 4 நிமிடம். உயரம் தூரத்தைவிட அதிக நேரத்தை விழுங்கியிருப்பதைக் கவனியுங்கள். இந்த விதி நல்ல நடைக்காரருக்கு, ஓய்வின்றி நடப்பவருக்கு. வயதானவர்களும் பிள்ளைகளும் வரும் கூட்டத்தில் ஒரு மணித்தியாலமாவது சேர்க்க வேண்டும். யாத்திரைக் காலத்தின் போயா இரவுகளில் படிகளில் வரிசை நகராமல் நிற்கும்போது நெயிஸ்மித் கணக்கு செல்லாது. அப்போது நடையின் வேகத்தை முன்னால் நிற்பவர்தான் தீர்மானிக்கிறார்.

சூரியன் 6.20 அளவில் எழும், 5.45க்கு உச்சியில் நிற்க வேண்டும் என்றால், நடைக்கு 3 மணித்தியாலமும் ஓய்வுக்கு ஒரு மணித்தியாலமும் கழித்து, அதிகாலை 1.45க்கு அடிவாரத்திலிருந்து கிளம்ப வேண்டும். இறக்கத்துக்கு உயரக் கட்டணம் இல்லை. விதிப்படி 84 நிமிடம் போதும். ஆனால் ஆயிரக்கணக்கான படிகளில் முழங்கால் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை, இரண்டு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். 7 மணிக்கு இறங்கத் தொடங்கினால் 9 மணிக்கு நல்லதண்ணி. 9.30க்கு பஸ் கிடைத்தால், மஸ்கெலியா வழியாக அட்டன் சுமார் 33 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 3 நிமிடம் வீதம் 99 நிமிடம். 11.10 அளவில் அட்டன் பஸ் நிலையத்தில் இறங்கலாம். நண்பகலுக்கு முன் வரும் ரயிலைப் பிடிக்க நினைப்பவர் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.